தம்மம்பட்டிக்கு ஒரு பின் இருக்கை

ஆடி மாதம் முழுவதும் என் மனைவி மரகதம் தம்மம்பட்டியில் இருந்தாள். கல்யாணமான முதல் ஆடி. பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நான் சேலத்தில் இருந்தேன். என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம். பயணத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆவணி பிறந்ததும் மாமனாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வருகிற புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது. அதற்குள் பெண் படியிறங்கிவிட வேண்டும். மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே அழைத்துப் போகலாம். தவறினால் அதற்கடுத்த புதன்கிழமை நானே பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறேன். மாமனார் நூல் வியாபாரி. அவர் வாக்கியங்களில் சிக்கு விழாது. கார்டின் ஓரத்தில், வேறு கையெழுத்தில், நெருக்கி எழுதிய ஒரு வரி இருந்தது: "எனக்குப் பஸ்ஸில் தலை சுற்றும்."

அவளுக்குப் பஸ்ஸில் தலை சுற்றாது. எனக்குத் தெரியும். அந்த வரியை நான் பல முறை படித்தேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரிடம் வாங்கியது. மூன்றரைக் குதிரைச் சக்தி, ஒற்றை சிலிண்டர். கியர் மாற்றும் கைப்பிடி பெட்ரோல் டாங்கியின் பக்கத்தில். சீட்டுக்குப் பின்னால் சாமான் கட்ட ஒரு தட்டை இரும்புச் சட்டம் மட்டும். ஒரு மனுஷியை உட்கார வைக்க அதில் நான்கு விஷயங்கள் சேர வேண்டியிருந்தன: சுருள்வில் வைத்த பின் இருக்கை, கால் வைக்கப் பலகை, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமலிருக்க ஒரு வலை, கடைசியாக எஞ்சினுக்கு ஒரு முகமூடி. கார்புரேட்டர் காற்றை இழுக்கும் வாய் திறந்தே இருக்கிறது. இங்கிலாந்துச் சாலைக்கு அது போதும். நம் சாலையில் அது காற்றோடு மண்ணையும் சேர்த்துக் குடிக்கிறது.

இருக்கையைச் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் தருவித்தேன். ஒன்பது ரூபாய், கூலி பத்தணா. மற்ற மூன்றையும் ஆட்டையாம்பட்டியில் செய்துகொள்வதாக ஏற்பாடு. அங்கே என் அக்கா இருக்கிறாள். அவள் கணவருக்கு நான்கு தறி. அடுத்த தெருவில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற ஆசாரியின் பட்டறை.

திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினேன். பன்னிரண்டு மைல். மூன்று ஐம்பதுக்கு அக்கா வீடு. வழியில் சொல்லும்படி எதுவும் இல்லை. பின்னால் கட்டியிருந்த பார்சல் மட்டும் ஒரு விருந்தாளியைப் போல் இடைவிடாமல் பேசிக்கொண்டு வந்தது.

செவ்வாய் காலை ஏழு மணிக்குப் பட்டறை. பின் இருக்கையோடு வந்த ஆணிகள் எதுவும் சட்டத்தின் துளைகளில் சேரவில்லை. ஆசாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீமையிலிருந்து வருகிற எதுவும் எதிலும் சேராது என்பது அவர் அனுபவம். பட்டை இரும்பைக் காய்ச்சி நான்கு தாங்கிகள் அடித்தார். அடிக்கும்போதே கேட்டார்:

"அம்மிணி எத்தன மணங்கு இருப்பாங்க?"

தெரியாது என்றேன்.

"கண்ணாலம் ஆயி எத்தன மாசமுங்க?"

மூன்று மாதம் என்றேன்.

"மூணு மாசத்துல ஒருக்காக்கூடத் தூக்கிப் பாக்கலீங்களா?"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். துருத்தி நின்றுவிட்டது. நான் நான்கு மணங்கு, நூறு பவுண்டு எடை என்று ஏதோ சொன்னேன். தத்துவ சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவன் இதுபோன்ற கேள்விகளுக்குத் தயாராக இருப்பதில்லை.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த வண்டியும் அவர் பட்டறையை விட்டுப் போனதில்லை. நாலரை மணங்கு நெல்லை மூட்டையாகக் கட்டிப் பின் இருக்கையில் வைத்து, ஏரிக்கரை வரை போய்வரச் சொன்னார். போனேன். மூட்டை நன்றாக உட்கார்ந்து வந்தது. கரையில் திரும்பும்போது சரிந்து விழுந்தது. திரும்பி வந்து சொன்னேன். அவர் சற்று யோசித்தார். மூட்டைக்குக் கை இல்லை, அம்மிணிக்கு உண்டு. அந்தக் கைக்குப் பிடிக்க ஒன்று வேண்டும் என்றார். எனக்கும் இருக்கைக்கும் நடுவில் ஓர் இரும்பு வளையம் வைத்தார். சென்னைக் கடையின் விலைப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. இடது பக்கம் பலகையும் பொருத்தினார். சக்கரத்துக்கான வலையை அக்கா வீட்டுக்காரர் முறுக்கு நூலில் முடிந்து கொடுத்தார். சாயங்காலம் ஐந்துக்குள் மூன்றும் முடிந்தன.

நான்காவது மிஞ்சியது. வண்டியோடு வந்த சிறு புத்தகத்தில் ஒரு குறிப்பு உண்டு: மண் நிறைந்த தேசங்களில் கார்புரேட்டர் வாய்க்கு மெல்லிய துணியை எண்ணெயில் நனைத்துக் கட்டவும். அக்காவிடம் பழைய வேட்டி ஒன்று கேட்டேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பொண்ணக் கூட்டியாரப் போற வண்டிக்குப் பழந்துணியா கட்டுவ? மெட்ராசுல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவள் சொன்னபடியே நடந்தது. மாமா தறியிலிருந்து ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். மெல்லிய வெள்ளைத் துணி, விரலால் தட்டினால் காகிதம் போல் ஒலித்தது. அக்கா நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தாள். புது நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினோம். எண்ணெய் என்று ஆரம்பித்தேன். மஞ்சள் வைத்த கோடித் துணியில் அன்றைக்கே எண்ணெய் ஊற்றுவார்களா என்றாள். விட்டுவிட்டேன். துணி அழகாகத்தான் இருந்தது. எஞ்சினுக்குத் தலைப்பாகை கட்டியது போல.

புதன் காலை ஏழரைக்குக் கிளம்பினேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து ராசிபுரம் எட்டு மைல். எட்டு ஐந்துக்குச் சேர்ந்தேன். காப்பி. அங்கிருந்து நாமகிரிப்பேட்டை ஆறு மைல், எட்டே முக்கால். அதற்கப்புறம் தம்மம்பட்டி இருபத்திரண்டு மைல். சாலை மோசம் என்று கணக்கிட்டாலும் பத்தரைக்குப் போய்விடலாம். கெடுவதற்கென்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். தாராளம் என்று நினைத்தேன்.

இந்தப் பகுதிதான் வழியில் அழகானது. வலது பக்கம் கொல்லிமலை கூடவே வருகிறது. நிலக்கடலை, சோளம், இடையிடையே மஞ்சள் வயல். எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியது. பதினெட்டு மைல் வேகத்தில் மனம் காலியாகிவிடுகிறது. படித்தது எதுவும் உடன் வருவதில்லை. பின்னால் ஆள் இல்லாத இருக்கை பள்ளங்களில் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் நான் திரும்பிப் பார்த்தேன். இல்லாத ஒருத்திக்காக மெதுவாக ஓட்டினேன்.

ஒன்பது பத்துக்கு மழை. பெரிய மழை இல்லை; சாலையைச் சேறாக்கப் போதுமான மழை. முன் சக்கரம் வாரி இறைத்தது. சிறிது தூரத்தில் சுருதி இறங்கியது. பின்னால் கறுப்புப் புகை. ஏற்றம் ஒன்றில் இரண்டு முறை இருமி, ஒன்பதரைக்கு வண்டி நின்றது. நாமகிரிப்பேட்டையிலிருந்து எட்டு மைல் வந்திருந்தேன். தம்மம்பட்டிக்கு இன்னும் பதினான்கு.

புத்தகத்தைப் பிரித்தேன். பிளக்கைக் கழற்றினேன், கரி. துடைத்து மாட்டினேன். உதைத்தேன். ஓடியது, பத்து எண்ணுவதற்குள் நின்றது. பொறி தரும் மாக்னெட்டோவைத் துடைத்தேன். பெட்ரோல் குழாயை ஊதினேன். கார்புரேட்டரின் சின்னத் துளையைத் தலைமுடியால் குத்தினேன். மறுபடி பிளக், மறுபடி கரி. புத்தகம் சொன்ன பதினோரு காரணங்களையும் பார்த்துவிட்டேன். துணியைத் தொடவில்லை. அது புதிது. மஞ்சள் வைத்தது. அதில் கோளாறு இருக்கும் என்று ஏனோ தோன்றவேயில்லை.

பத்தேகாலுக்கு ஒரு பஸ் வந்தது. டிரைவர் தானாகவே நிறுத்தினார்.

"ஏறுங்க சாமி. தம்மம்பட்டிதானுங்க. பதினொண்ணேகாலுக்கு உட்டுர்றேன்."

இருக்கையைப் பார்த்தேன். பஸ்ஸைப் பார்த்தேன். ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் நான் மட்டும் போவேன். மரகதம் பஸ்ஸில்தான் வர வேண்டியிருக்கும். இனி இந்த வண்டியில் ஏற அவளை யாரும் விடவும் மாட்டார்கள். வரவில்லை என்றேன். யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். நூல் கடைக்காரர் மாப்பிள்ளையா என்று இன்னொரு முறை என்னைப் பார்த்தார், சேற்றோடு சேர்த்து. பஸ் போய்விட்டது.

மழை நின்றது. பத்து ஐம்பதுக்கு ஒரு கழுதையும் ஒரு சலவைக்காரப் பெண்ணும் வந்தார்கள். ஓடையில் தண்ணீர் கலங்கிவிட்டதால் பாதி வேலையில் திரும்பிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுதை மேல் ஒரு மூட்டை, அவள் தலைமேல் ஒரு மூட்டை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கார்புரேட்டர் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்க சாமி, இந்த வண்டி கஞ்சி குடிக்குமுங்களா?"

புரியவில்லை என்றேன்.

"கஞ்சி வடியுதுங்களே."

அப்போதுதான் பார்த்தேன். துணியின் அடியிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தலைச்சுமையை இறக்கினாள். விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்தாள்.

"அரிசிக் கஞ்சி. தறியில இருந்து அறுத்த கோடி. தண்ணி பட்டா ஊறி அடச்சுக்காதுங்களா? இதத் தொவைக்காமக் கட்டுனது யாருங்க?"

நான்தான் என்றேன்.

"உங்களுக்கு என்ன தொழிலுங்க?"

பரம்பரையாக நெசவு என்றேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். கழுதை திரும்பிப் பார்த்தது.

சிரிப்பதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. பாவுக்குக் கஞ்சி போடுகிற தெருவில் பிறந்தவன் நான். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, அரிசிக் கஞ்சியைத் தடவி, குச்சியால் நீவுவார்கள். நூல் அறாமல் இருக்கத்தான் அது. மாமா போடுகிற கஞ்சி எங்கள் பக்கத்தில் பிரசித்தம். அவர் நெய்த துணி தானாக நிற்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் துணியை நெய்வோம், மடிப்போம், விற்போம். துவைப்பது எங்கள் வேலை இல்லை. தறியிலிருந்து இறங்கிய பிறகு துணிக்கு என்ன நேர்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. புத்தகத்தை எழுதிய வெள்ளைக்காரனும் யோசிக்கவில்லை. அவன் சொன்ன எண்ணெயும் இல்லாமல் போயிற்று.

துணியை அவிழ்த்தேன். இரண்டாவது உதையில் எஞ்சின் எழுந்தது. அப்படியே போய்விடலாம் என்று ஏறினேன். அவள் தடுத்தாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சேற்றில் போனால் உள்ளே போகாதா என்று கேட்டாள். உண்மைதான். எஞ்சினுக்குள் மண் போனால் அதோடு சரி. அவள் தலையில் சுமைக்கு அடியில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்துப் பிரித்தாள். என்றைக்கோ புடவையாக இருந்த துணி. நிறம் என்று எதுவும் மிச்சமில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் மலை தெரிந்தது.

"இதுல இனித் தொவைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவளே கட்டினாள். அக்காவின் கோடித் துணியை அவளிடம் கொடுத்தேன். பிழிந்து பார்த்து, அலசினால் நன்றாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். என்ன விசேஷமாகப் போகிறீர்கள் என்றாள். சொன்னேன். "அப்ப நின்னு பேசிட்டிருக்கீங்களே" என்றாள்.

பதினொன்றேகால்.

பதினான்கு மைலும் சேறு. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். பன்னிரண்டு மணி ஆனபோது இன்னும் மூன்று மைலுக்கு மேல் இருந்தது. கடிகாரத்தின் இரண்டு முட்களும் ஒன்றானதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இனி அவசரம் இல்லை என்று மனம் சொன்னது, கை கேட்கவில்லை. எஞ்சின் காலையைவிட நன்றாக ஓடியது. அது எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டேகாலுக்கு மாமனார் வீட்டு முன்கட்டு, நூல் கடை வாசல். மாமனார் எழுந்து நின்று வரவேற்றார். பஸ் டிரைவர் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது மரியாதை.

"வாங்க மாப்பிள்ளை. வண்டின்னா அப்படித்தான். அடுத்த புதன்கிழமை நானே கொண்டாந்து விட்டுடறேன். கை கால் கழுவிட்டுச் சாப்பிடுங்க."

மரகதம் எங்கே என்று கேட்டேன். அவர் கடைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். மாமியார்தான் பதில் சொன்னார்.

"அவ இங்க இல்லீங்களே. கிளம்பிட்டாளே."

கையை நீட்டி எதிர் வீட்டைக் காட்டினார். அந்த வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டி மேல் மரகதம் உட்கார்ந்திருந்தாள்.

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் ஒரு பையையோ பெட்டியையோ பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். அந்த நிமிஷத்திலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எப்போது போனாலும் தோஷமில்லை. நூல் வாங்க வெளியூர் போகும்போதெல்லாம் மாமனார் இதே எதிர் வீட்டில்தான் பை வைப்பார். மரகதம் பெட்டியோடு தன்னையும் கொண்டுபோய் வைத்துவிட்டாள். திரும்பிக் கூப்பிடவும் முடியாது. கிளம்பியவள் மறுபடி வீட்டுக்குள் வந்தால் பயணம் முறிந்துவிடும். அது ராகு காலத்தைவிட மோசம்.

"எனக்கே சாஸ்திரம் சொல்றா, பாருங்க" என்றார் மாமனார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வெளியே வந்து, பின் இருக்கையைக் கையால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். வளையத்தை இழுத்துப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்டார். ஆட்டையாம்பட்டி ஆசாரி என்றேன். ஒன்றரைக்கு மேல் கிளம்புங்கள், பெட்டியைப் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்றார்.

நான் இந்த வீட்டில் சாப்பிட்டேன். அவள் எதிர் வீட்டில் சாப்பிட்டாள். ஒன்று நாற்பதுக்குக் கிளம்பினோம். தெருவே நின்று பார்த்தது.

திரும்பும் வழியில் மழை இல்லை. எஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை. வலை தன் வேலையைச் செய்தது. பின்னால் இருப்பவரை ஓட்டுகிறவன் பார்க்க முடியாது. வண்டி சற்றுக் கனமாக, சற்று மெதுவாக, பள்ளங்களில் துள்ளாமல் போகிறது. அவ்வளவுதான் தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றே முக்காலுக்கு ராசிபுரம். காப்பி. எத்தனை மணிக்குப் பெட்டியை எடுத்துவைத்தாய் என்று கேட்டேன். பதினொன்றே முக்கால் என்று சொல்வாள், என்னைக் காணாமல் தவித்துக் கடைசி நிமிஷத்தில் செய்திருப்பாள் என்று நினைத்தேன்.

"ஒம்போது மணிக்கு."

ஒன்பது மணிக்கு மழையே இல்லை, எஞ்சின் பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது என்றேன்.

"இருக்கும். ஆடியில நீங்க எழுதின அஞ்சு கடுதாசியையும் படிச்சேன். அஞ்சுலயும் ஏதாச்சும் ஒண்ணு கழண்டிருந்துச்சு" என்றாள்.

அங்கிருந்து சேலம் பதினாறு மைல். ஐந்தேகாலுக்கு வீடு.

பின் இருக்கை பொருத்த நினைக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். இருக்கையைச் சென்னையில் வாங்குங்கள். தாங்கிகளை உள்ளூரிலேயே அடித்துக்கொள்ளுங்கள். தாங்கி, பலகை, வளையம் மூன்றுக்கும் சேர்த்து எனக்கு மூன்று ரூபாய் நாலணா ஆயிற்று. பலகையை உட்காருகிறவரை வைத்து அளந்து பொருத்துங்கள். என்னுடையது இரண்டு விரல் உயரமாகிவிட்டது, ராசிபுரம் வருவதற்குள் அவளுக்கு முழங்கால் வலித்தது. கைப்பிடி வளையம் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். கார்புரேட்டருக்குப் பத்து வருஷம் துவைத்த துணி. ஆமணக்கெண்ணெயில் நனைத்துப் பிழிந்து கட்டவும். இருபது மைலுக்கு ஒரு முறை உதறவும். போக வர தொண்ணூற்றிரண்டு மைல் சாலைக்கு ஒரு காலனுக்குச் சற்று மேல் பெட்ரோல் போயிற்று. நாமகிரிப்பேட்டைக்கு அப்பால் தம்மம்பட்டி வரை பெட்ரோல் கிடைக்காது.

வழியில் கெடுவதற்கென்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். மரகதம் படித்துப் பார்த்தாள். ஒன்றரையை அடித்துவிட்டு மூன்று என்று போடச் சொன்னாள்.

மூன்று.